தமயந்தியைக் காணோம்

"தமா! அடியே தமயந்தி!"

வேணு போட்ட கூச்சலில் கோரைக்குள் இருந்த நாரைகள் எழும்பிப் பறந்தன. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு கையாலும் கோரையை விலக்கி விலக்கிப் பார்த்தான். எட்டு வயது மகள் எங்கும் இல்லை.

கிருத்திகைக்கு மறுநாள். திருத்தணி மலையில் சாமி பார்த்துவிட்டு இறங்கிய குடும்பங்கள், பிள்ளை குட்டிகளோடு ஏரிக்கரை மேலேயே நடந்து போய்க்கொண்டிருந்தன. ஏரி நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது.

மதகு பார்க்கும் சிங்காரம் தடியோடு ஓடி வந்தான். "இன்னாய்யா? இன்னா ஆச்சு?"

"எம் பொண்ணுங்க. அந்தப் புங்க மரத்தடிலதான் குந்த வெச்சிட்டுப் போனேன். வந்து பாத்தா காணோங்க."

"நீ எங்க போனே?"

"தண்ணி மொள்ளப் போனேங்க."

"ஏரிய எதிர்ல வெச்சிகினு தண்ணி மொள்ளப் போனியா? நல்லாக்கீதுய்யா உன் நாயம்!"

"குடிக்கத்தாங்க... கெணத்துத் தண்ணி..." வேணு அவசரமாகக் கரையேறி மரத்தடிக்கு ஓடினான்.

மரத்தடியில் அவன் துண்டில் முடிந்து கொடுத்த பொரி அப்படியே இருந்தது. முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை. அதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"பசின்னா ஒரு நிமிட்டு தாங்காதுங்க அது. பொரிய வெச்சிட்டு எங்கங்க போவும்? தண்ணிலதான் வுழுந்திருக்கும்."

"வாயக் கழுவு. எந்த ஊரு நீ?"

"பொதட்டூர்பேட்டைங்க. தறி வேலை."

"வெள்ளைக்காரன் சண்டை வந்ததுலேர்ந்து நூலே கெடைக்கலியாமே?"

"எட்டு மாசமா தறி சும்மா கெடக்குதுங்க. வூட்ல அஞ்சு புள்ளைங்க. இது மூணாவது. ஏரி பாக்கணும்னு ஆசைப்பட்டுச்சி, கரையோரமா நடக்க வெச்சிகினு வந்தேன். வழியெல்லாம் பாட்டு பாடிகினு வந்துச்சிங்க."

அடுத்த மரத்தடியில் புருஷனோடு உட்கார்ந்திருந்த ஒரு பட்டணத்து அம்மாள் எழுந்து வந்தாள். கௌரியம்மாள் என்று பேர். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் குழந்தை இல்லாமல், காலையில்தான் மலைமேல் தொட்டில் கட்டிவிட்டு வந்திருந்தாள்.

"எங்க பக்கத்துலதான் குந்திகினு இருந்திச்சி. இந்தாம்மா, மடியில படுத்துக்கோன்னேன். நீ அந்த வளைவு திரும்பற வரிக்கும் உன்னியே பாத்துகினு இருந்திச்சி. அப்பறம் எழுந்து அந்தப் பக்கமா போச்சி."

அவள் காட்டியது மதகுப் பக்கம்.

சிங்காரத்துக்கு முகம் மாறிவிட்டது. "அங்க ரெண்டு ஆள் ஆழம்யா."

வேணு காதில் வாங்காமல் ஓடினான். மதகுக் கல்லின் மேல் ஏறி நின்று கீழே பார்த்தான். தண்ணீர் கறுப்பாகச் சுழித்துக்கொண்டிருந்தது.

"யோவ், நீஞ்சத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க."

"அப்பறம் எங்க போற? வா இப்டி!"

"அவ இல்லாம நான் ஊருக்குப் போவ மாட்டேன்!"

சொல்லிக்கொண்டே குதித்துவிட்டான். ஒரு தடவை தலை தெரிந்தது. இன்னொரு தடவை கை மட்டும் தெரிந்தது.

கரையெல்லாம் கூச்சல். சிங்காரம் வேட்டியோடு பாய்ந்து, குடுமியைப் பிடித்து இழுத்து அவனைக் கரையில் போட்டான். "சாவறதுக்கு என் மதகுதான் கெடைச்சிதா உனக்கு!" என்று திட்டிக்கொண்டே முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினான். வேணு தண்ணீராகக் கக்கினான். கக்கிவிட்டு மறுபடியும் தண்ணீரைப் பார்த்துத் தவழ்ந்தான்.

"வுடுங்க என்னை. எம் பொண்ணு உள்ள கீதுங்க."

"நைனா!"

கரைக்கு அந்தப் பக்கம், மதகுத் தண்ணீர் வயலுக்குப் போகும் வாய்க்கால் சரிவிலிருந்து சத்தம் வந்தது. புதருக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அத்தனை நேரமும் குந்தியிருந்த தமயந்தி, விழுந்தடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள். பாவாடையெல்லாம் முள். முகமெல்லாம் கண்ணீர்.

வேணு அவளை இழுத்து மார்போடு இறுக்கிக்கொண்டான். விம்மி விம்மி அழுதான். கௌரியம்மாளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏம்மா, உங்க நைனா ஊரே கேக்கறா மாதிரி கத்தினாரே, உன் காதுல வுழலியா?"

"வுழுந்திச்சி" என்றாள் தமயந்தி.

"அப்பறம் ஏண்டி வெளில வரல?" என்று கேட்டான் வேணு.

தமயந்தி கௌரியம்மாளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பாவாடை நுனியால் அப்பன் முகத்துத் தண்ணீரைத் துடைத்தாள். பிறகு யாருக்கும் கேட்காமல் அவன் காதோரம் சொன்னாள்.

"என்னை இங்கியே வுட்டுட்டு வந்துடறேன்னு நேத்து அம்மாகிட்ட சொல்லிட்டு, ஏன் நைனா திரும்பி வந்தே?"