சிவப்புப் பட்டை

"டேய், மாட்டுக்குப் பின்னாடி நிக்காதேன்னு சொல்லி வாயை மூடல, அதுக்குள்ள தலையோட வாங்கிட்டியே!"

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புதுசு முகத்தில் வழிந்த சாணியைத் துடைத்தான். துடைத்ததில் கொஞ்சம் வாய்க்குள்ளும் போனது.

வெளிநாட்டுக்குப் படிக்க வந்த பையன். கம்ப்யூட்டர் படிப்பு. பால் பாக்கெட்டில் வரும் என்பதைத் தவிர மாட்டைப் பற்றி அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. இன்று ஒருநாள் இந்தப் பால் பண்ணையில் வேலை பார்த்துக் காட்ட வேண்டும். முதலாளியம்மாவுக்குப் பிடித்தால் வேலை. இல்லையென்றால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். 'புதுசு' என்பது அண்ணன் காலையில் வைத்த பெயர்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. தங்க இடமில்லாமல் நின்றவனைக் கூட்டிப்போய் வீட்டு சோபாவில் படுக்க வைத்தவர். அங்கே அண்ணி மூன்று வேளையும் சோறு போட்டாள். அண்ணன் மூன்று வேளையும் புத்திமதி போட்டார்.

"இங்க பாரு. மடியைத் துடை, காம்புல மிஷினை மாட்டு. பால் தானா பெரிய டேங்குக்குப் போயிடும். பின்னங்கால்ல சிவப்புப் பட்டை கட்டியிருந்தா மட்டும் உஷாரு. அது நோய்க்கு மருந்து ஊசி போட்ட மாடு. அந்தப் பாலைத் தனி கேன்ல பிடிச்சுக் கீழே ஊத்திடணும். டேங்குல கலந்துச்சு, மொத்தப் பாலும் சாக்கடைக்குத்தான்!"

"சரிண்ணே."

"என்ன சரிண்ணே? நான் தூக்கத்துல கறந்தாலும் தப்பு வராது. நீ முழிச்சுக்கிட்டே சொதப்புவே."

சொல்லிவிட்டு, காதில் மாட்டியிருந்த போனில் அண்ணியோடு சண்டையைத் தொடர்ந்தார். பிறக்கப்போகிற பிள்ளைக்கு யார் பக்கத்துப் பெயரை வைப்பது என்று ஒரு வாரமாக நடக்கிற சண்டை.

புதுசு வாளியைக் கவிழ்த்தான். தண்ணீர்க் குழாயைத் திருப்பச் சொன்னால் முதலாளியம்மா பக்கமே திருப்பினான். அந்தம்மா நனைந்த சட்டையோடு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கு வேலை தெரியல. ஆனா மாடு உன்கிட்ட மிரளல. பார்க்கலாம்."

புதுசுக்குச் சாணி நாற்றமே மறந்துபோனது.

கறவை முடிந்ததும் பால் ஏற்ற லாரி வந்தது. ஏற்றுவதற்கு முன்னால் டிரைவர் டேங்கிலிருந்து கொஞ்சம் பால் எடுத்து, எப்போதும் போலச் சோதனைக் காகிதத்தைத் தோய்த்துப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"பால்ல மருந்து கலந்திருக்கும்மா. நான் ஏத்த மாட்டேன்."

முதலாளியம்மாவின் முகம் சிவந்தது.

"எவன் பார்த்த வேலை இது? போன தடவையே சொன்னேனா இல்லையா? இனிமே எவன் செஞ்சாலும், எத்தனை வருஷத்து ஆளா இருந்தாலும், அப்பவே வெளியே போகணும்னு!"

அண்ணன் திரும்பிப் புதுசை முறைத்தார்.

புதுசு அண்ணனைப் பார்த்தான். பிறகு வகுப்பில் சந்தேகம் கேட்கிறவன் போலக் கையைத் தூக்கினான்.

"நான்தாம்மா. பட்டையைக் கவனிக்கல."

"பூட்ஸைக் கழட்டி வச்சிட்டுக் கிளம்பு."

டேங்கைத் திறந்துவிட்டார்கள். பால் முழுக்கச் சாக்கடையில் நுரைத்துக்கொண்டு ஓடியது. புதுசுக்கு அழுகை வந்தது. அழுதான்.

வீட்டுக்குப் போகிற பஸ் நிறுத்தத்தில் விடக் காரில் கூட்டிப்போகும்போது அண்ணன் வழியெல்லாம் பொரிந்து தள்ளினார்.

"என் மானத்தை வாங்கிட்டியேடா! உன்னைச் சிபாரிசு பண்ணினேன் பாரு, என்னைச் சொல்லணும். ஒரு பட்டை! ரத்தச் சிவப்புல ஒரு பட்டை! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? இனிமே அந்தம்மா மூஞ்சியில நான் எப்படிடா முழிப்பேன்?"

புதுசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பேசுறேன்ல? வாயில என்ன கொழுக்கட்டையா? அந்த மாடு எங்க நின்னுச்சுன்னாவது தெரியுமா உனக்கு?"

"தெரியும்ணே. கடைசியில, சுவர் ஓரமா."

"அவ்வளவு தெரிஞ்சவன் டேங்கு மிஷினை ஏண்டா அதுக்கு மாட்டினே?"

"நான் மாட்டலண்ணே. நீங்க மாட்டினீங்க. 'அண்ணே, பட்டை, பட்டை'ன்னு கத்தினேன். போன்ல பேசுறப்போ குறுக்க வராதேன்னு கையைக் காட்டிட்டீங்க."

கார் சாலை ஓரத்தில் நின்றது. அண்ணன் காதில் மாட்டியிருந்த போனைக் கழற்றி மடியில் போட்டார்.

"அங்கேயே அந்தம்மாகிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா?"

"சொல்லியிருக்கலாம்," என்றான் புதுசு. "உங்க வேலையும் போயிட்டா, பிறக்கப்போற பிள்ளையையும் சேர்த்து, அண்ணி நம்ம நாலு பேருக்கும் எதை வச்சுண்ணே சோறு ஆக்குவாங்க?"