தம்ளரில் வெட்டிய பெயர்

மழை விட்ட பிறகும் கரையான்சாவடி பாத்திரக்கடையின் தகரக் கூரை சொட்டிக்கொண்டிருக்கிறது. சாயங்கால வெளிச்சம் தம்ளர் அடுக்குகளின் மேல் சாம்பலாகக் கிடக்கிறது. ஷர்மிளா கைப்பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் தம்ளரை எடுத்துப் பெயர் வெட்டுகிறவரின் முன்னால் வைக்கிறாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்கிறார். "எல்லோன்! நான்தாம்மா வெட்னேன். கார்த்திக்னு தெனம் நாலு வெட்றேன், இந்தப் பேரு இத்தினி வர்சத்துல ஒரே தபாதான். சூரியன்னு அர்த்தம், பழைய தமிழுன்னு நீதானே சொன்னே? பையன் எப்டி கீறான்?"

யாருக்கும் இல்லாத பெயராக வேண்டுமென்று மாதக்கணக்கில் தேடியவள் அவள்தான். ஊரில் நாலு பேருக்கு இருந்திருந்தால் இவர் மறந்திருப்பார். "பையன்தான்னு ஆசப்பட்டு முன்னாடியே வெட்டிக்கிட்டுப் போனேன். பொறக்கும்போதே உயிர் இல்லண்ணா," என்கிறாள். "இதப் பாத்தா எங்க வீட்டுக்காரர் சாப்புடாம எழுந்துடறாரு. தூக்கிப்போட எனக்கு மனசு வரல. பேர மட்டும் அழிச்சுக் குடுங்க."

அவர் தம்ளரை வெளிச்சத்தில் திருப்பி, வெட்டை நகத்தால் தடவிப் பார்க்கிறார். "வெட்னத அழிக்க முடியாதும்மா. மேல பூ போட்டுத் தரேன்." மெஷின் வண்டுபோல் இரைகிறது. ஊசிமுனை எழுத்துகளை ஒவ்வொன்றாக இதழும் இலையுமாக மாற்றிக்கொண்டு போகிறது. சாலையில் போன பேருந்து சேற்றை வாரியிறைக்கிறது, அவள் நகரவில்லை. அவர் துடைத்துக் கொடுத்ததை வாங்கிப் பார்க்கிறாள். கண்ணுக்கு வெறும் கொடிதான். கட்டைவிரலால் தடவுகிறாள். பூக்களுக்கு அடியில் பழைய வெட்டு இன்னும் ஆழமாக இருக்கிறது. முதல் எழுத்திலிருந்து எல்லா எழுத்தையும் விரல் வரிசையாகக் கண்டுபிடித்துவிடுகிறது. வீட்டில் கணவரிடம், பெயரை அழித்தாயிற்று என்று சொல்ல வேண்டும்.