பாதிக் கரண்டில் நடந்த மகன்

கேம் ஆடியவர் இறந்த பின்னும் அவரைப் போலவே ஆடும் நிழல் ஒன்று லேப்டாப்பில் தங்கிவிடுகிற காலம் அது. மாலை ஜெபம் முடிந்ததும் எஸ்தர் தன் மகன் ஜெபினின் நிழலோடு கேமின் மலைப்பாதையில் நடப்பாள். சார்ஜர் மாட்டியிருந்தும் பாதி வழியில் மெஷின் அணைந்துவிடும். அந்தத் திடீர் இருட்டில் பிள்ளை மறுபடியும் இறப்பது போலிருக்கும் அவளுக்கு.

"சார்ஜரை மாத்தினீங்களா அம்மா?" என்று கேட்டான் நாகர்கோவிலில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சூசை.

"பழசு கருகிப் போச்சு மக்கா. வீட்டுல கெடந்த ஒண்ண மாட்டினேன்."

"இது வேண்டிய கரண்டுல பாதிதான் குடுக்கும். அதான் கேம் மெதுவா இழுக்கு. பேட்டரியும் தீந்து அணைஞ்சிருது."

சரியான சார்ஜரை மாட்டினான். திரையில் ஜெபின் சிட்டாகப் பறந்தான். எஸ்தரின் உருவம் வெகுதூரம் பின்தங்கிப்போனது.

"ஐயோ, வேகத்தக் கொறச்சிரு மக்கா. மெஷின் இழுத்ததாலதான் கூடவே நடந்தான். உயிரோட இருக்கும்போது எனக்காவ ஒருநாளும் நின்னதில்ல, ஓட்டக்காரப்பய."

வேகம் கேட்டே எல்லோரும் வருகிற கடை அது. "கொறச்சே வச்சுத் தாரேன் அம்மா. இனி அணையாது, அழாதீங்க" என்று சூசை வேகத்தைக் குறைக்கும் விசைக்குக் கையை நீட்டினான்.

அவன் விரல் இன்னும் விசையைத் தொடவில்லை. தூரத்து வளைவில் ஜெபின் நின்றுகொண்டிருந்தான், அம்மாவைத் திரும்பிப் பார்த்தபடி.