அம்மன் விட்ட அம்பு

“இன்னா நீலா, தூக்குல நெத்திலி வறுவலா? அம்மன் அம்பையே வளைக்கப் பாக்குறியா?”

தேசப்பன் வீட்டு வாசலிலேயே மங்கை மடக்கிவிட்டாள். நீலாவுக்கு இடுப்பில் குழந்தை, கையில் தூக்குவாளி. ஒளிக்க வழியில்லை.

“ஐயோ, அப்படியெல்லாம் இல்லைக்கா...”

“பின்னே எப்படி? நாளிக்கு விஜயதசமி. இன்னிக்கு அம்பு செய்றவரு வூட்டுக்கு மீனு போவுது. நான் இன்னா பச்சப் புள்ளயா?”

ராயபுரம் கடற்கரையில் அந்தக் குப்பத்துக்கு ஒரு வழக்கம். விஜயதசமியன்று அம்மன் அசுரனை வதைக்கப் புறப்படுவாள். அவளுக்குப் பதிலாகத் தேசப்பன் மஞ்சள் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு, தான் செய்த வில்லில் தான் செய்த அம்பைப் பூட்டி, குப்பத்தின் மேலே விடுவார். கை தேசப்பனுடையது; குறி அம்மனுடையது. அம்பு விழுந்த வீட்டுக்கு வருஷம் முழுக்க யோகம். அம்பு துளைத்த கூரையை அப்படியே விட்டால் தெய்வக் குத்தம் என்று ஊரே கூடிப் புது ஓலையும் போட்டுத் தரும்.

போன வருஷம், புருஷன் கால் ஒடிந்து படுத்திருந்த சமயத்தில், மங்கை வீட்டில் விழுந்தது. அன்றிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது.

நீலா வந்த காரியம் வேறு. கான்வென்ட்டில் எட்டாவது வரை படித்தவள். பயப்பட மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை, அது தானாக வந்தது. ஹார்பரில் சங்கு ஊதினால் பயம். நண்டு குறுக்கே ஓடினால் பயம். புருஷன் ரங்கூன் கப்பலில் போனதிலிருந்து காற்றடித்தாலே பயம். இப்போது புதுசாக இந்த அம்பு.

உள்ளே தேசப்பன் சவுக்குக் குச்சியைத் தணலில் வாட்டி, ஒரு கண்ணை மூடிக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சேவல் இறகு, கோந்து. அதற்குப் பக்கத்தில் வரிசையாக மூடி வைத்த சட்டிகள். ஒன்றில் இறால், ஒன்றில் வஞ்சிரம் என்று வாசனையே சொன்னது.

‘ஊரே கொடுத்திருக்கு. இந்த மனுஷனும் கூசாமல் வாங்கியிருக்கிறாரே!’

நீலாவுக்கு முகம் சுளித்தது. ஆனாலும் தூக்கை நீட்டினாள்.

“மாமா, அம்பு...”

“உன் வூட்ல வுழணும். அதானே? வெச்சிட்டுப் போ.”

“விழக் கூடாது மாமா!”

தேசப்பன் மூடியிருந்த கண்ணையும் திறந்தார்.

“இன்னாது?”

“கூரைக்கு நேர் கீழே தூளி கட்டியிருக்கேன். எங்க கூரையைத்தான் பார்த்திருக்கீங்களே, படுத்தா நட்சத்திரம் தெரியுது. அம்பு உள்ளே வந்து புள்ளையைக் குத்திடுச்சுன்னா?”

“எடத்த மாத்திக் கட்டேன்.”

“எங்கே மாத்தினாலும் நட்சத்திரம் தெரியுது மாமா.”

தேசப்பன் தணலைக் கிளறினார்.

“முனையிலே கொஞ்சம் பஞ்சாவது சுத்துங்க மாமா.”

“அம்மன் அம்புல பஞ்சா? அசுரன் சிரிச்சே செத்துடுவாம்மே!”

சொன்னாரே தவிர, தூக்கை வாங்கி வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற மங்கை உதட்டைப் பிதுக்கினாள். “வேணாம்னு சொல்றதுக்கு நெத்திலியா? இத்த நான் நம்பணும்!”

மறுநாள் சாயங்காலம் மேளம் முழங்கியது. பூசாரி, தேசப்பனின் கண்ணைக் கட்டி, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

நீலா எல்லோருக்கும் பின்னால் நின்றாள், குழந்தை தலைமேல் பித்தளைக் குண்டானைக் கவிழ்த்துப் பிடித்தபடி. குழந்தைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. உள்ளேயிருந்து கத்திக் கத்தித் தன் குரலைத் தானே கேட்டுச் சிரித்தது.

“இன்னாடி, புள்ளைய வேக வெக்கிறியா?” என்றாள் மங்கை.

வில் வளைந்தது. “மேரி மாதாவே! அம்மா தாயே!” என்று நீலா இரண்டு இடத்திலும் சொல்லிவைத்தாள்.

அம்பு ஏறியது. உச்சியில் யோசிப்பது போல் நின்றது. பிறகு திரும்பி, நேராக நீலா வீட்டுக் கூரைக்குள் இறங்கியது.

“நெத்திலி ஜெயிச்சிடுச்சுடா!” என்று அலறினாள் மங்கை.

நீலா குண்டானைப் போட்டுவிட்டுக் குழந்தையோடு ஓடினாள். காலித் தூளிக்குள் சமர்த்தாகப் படுத்திருந்தது அம்பு. எடுத்துப் பார்த்தாள். முனையில் இரும்பே இல்லை. வலையில் கட்டும் மிதவைத் தக்கையைச் சீவி, மேலே வெள்ளிக் காகிதம் ஒட்டியிருந்தது. அழுத்தினால் அமுங்கியது.

இது எப்படி ஓலையைத் துளைக்கும்? அண்ணாந்து பார்த்தாள். அம்பு வந்த வழி, போன வருஷ மழையில் விழுந்த பழைய பொத்தல்.

விடிந்ததும் ஓலைக் கட்டோடு குப்பமே வந்துவிட்டது. முதல் ஆளாகக் கூரையில் ஏறியவன் மங்கையின் புருஷன்.

“யம்மாடி! வுட்டது ஒரே அம்பு, கூரை முச்சூடும் ஓட்டை! அம்மன் சக்தி இன்னா சக்திடா!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

தூக்கைத் திருப்பிக் கொடுக்க வந்த தேசப்பனை நீலா ஓரமாக இழுத்துப் போனாள்.

“மாமா, வேணாம்னுதானே மீன் குடுத்தேன்? இறால் குடுத்தவங்க, வஞ்சிரம் குடுத்தவங்க எல்லாரையும் விட்டுட்டு, கண்ணைக் கட்டிக்கிட்டு, அதே பொத்தல்ல எப்படி மாமா? போன வருஷமும் மங்கையக்கா புருஷன் கால் ஒடிஞ்சு, ஓலை போட ஆளில்லாம...”

நீலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

தேசப்பன் கூரையை ஒரு தரம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“கத்தாதேம்மே. அந்த மஞ்சத் துணியும் உன் கூரை மாதிரிதான். கட்டிக்கினா நட்சத்திரமே தெரியும்.”