வாத்தைத் துரத்தும் பையன்

"ஏம்ப்பா, இவனா என் பையன்? யாரோ தூங்குமூஞ்சி மாதிரி இருக்கான். அழி!"

குயவன் கித்தோஸ் ஜாடியில் வரைந்த பையனை ஈரத் துணியால் துடைத்தான். காலையிலிருந்து இது மூன்றாவது முறை. சொன்னவர் ஏதென்ஸின் சந்தை அதிகாரி தேரோன். அவர் தலை தெரிந்தாலே குயவர் தெரு கப்சிப் ஆகிவிடும்.

"ஐயா, பூத்திருவிழாவுக்கு முன்னாடி இதுதான் கடைசிச் சூளை. உச்சிவெயிலுக்குள்ள சூளை வாயை மூடிடுவாங்க. அதுலயும் ஒரு ஜாடிக்குத்தான் இடம். அது என் ஜாடிக்கு வச்சிருந்தது. திருவிழாவுல நடக்கற குடிப்போட்டியில நான் என்ன, கையில ஏந்தியா குடிப்பேன்?"

"ஒரு வருஷம் ஏந்திக் குடியேன்."

"சரி, தொலையட்டும். பிள்ளையைத் தூக்கிட்டு வாங்க. பார்த்து வரைஞ்சிடறேன்."

"அது முடியாது."

"ஏன், கண்ணு பட்டுடுமா?"

"அப்படித்தான் வச்சுக்கோயேன்." தேரோனின் குரல் சட்டென்று இறங்கியது. "திருவிழாவுல மூணு வயசுப் பிள்ளைங்க எல்லாம் தலையில பூவும் கையில ஜாடியுமா நிக்கறப்போ, என் பையன் மட்டும் வெறுங்கையோட நிக்கணுமா?"

கித்தோஸ் பெருமூச்சு விட்டான். "அப்ப நீங்களே காட்டுங்க. என்ன சேட்டை பண்ணுவான்?"

தேரோன் வாசலை ஒருமுறை பார்த்தார். மேலாடையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தரையில் கையும் காலும் ஊன்றி நின்றார்.

"இப்படி! முன்னால வாத்து ஓடும். இவன் விடமாட்டான். ஒரு கையில தேன் அப்பம். அதையும் கீழே போடமாட்டான்!"

"வாத்து?"

"க்வாக்! க்வாக்!"

பக்கத்துப் பட்டறைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. அதிகாரி பெஞ்சுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்தார். தாடியெல்லாம் களிமண்.

"சிரிச்சா இந்தக் கன்னத்துல குழி விழும். சுருட்டை முடி, அவங்க அம்மா மாதிரி. நெஞ்சுல தாயத்து மாலை. ஓடற ஓட்டத்துல அது முதுகுக்குப் போயிடும்!"

கித்தோஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் தூரிகை பறந்தது. பையனை மண்ணின் நிறத்திலேயே விட்டு, சுற்றிலும் கறுப்பைப் பூசினான். வாத்து ஓடியது. அப்பம் தப்பியது. தாயத்து முதுகில் ஆடியது.

தேரோன் எழுந்து பார்த்தார். கண்கள் கலங்கின. "அவனேதான்ப்பா!"

கித்தோஸ் ஜாடியோடு ஓடினான். அதை உள்ளே வைத்ததும் சூளையின் வாய் மூடப்பட்டது. திரும்பி வந்தபோது, அதிகாரி வீட்டு வேலைக்காரி மானியா பட்டறைக்குள் ஓடிவந்தாள்.

"ஐயா, ஓடி வாங்க! அம்மாவுக்கு வலி எடுத்துடுச்சு!"

மேலாடையைக்கூட எடுக்காமல் பாய்ந்தார் தேரோன்.

"பையனுக்குத் தம்பியா தங்கச்சியான்னு வந்து சொல்லுங்கய்யா!" என்று பின்னாலிருந்து கத்தினான் கித்தோஸ்.

மேலாடையைக் குனிந்து எடுத்த மானியா அவனை விநோதமாகப் பார்த்தாள்.

"எந்தப் பையனுக்கு? இதுதானே தலைச்சன்!"