நிலைக்கு மேல் பன்னிரண்டு வார்த்தை

"ஒண்ணும் செய்யலன்னா பயம் என்னத்துக்கு ரஜிதா? சூடத்தக் கையால அணச்சு சத்தியம் பண்ணிட்டுப் போ."

தோட்டத் தலைவர் இராமசாமிக்கு அலுத்துப்போயிருந்தது. கிடைப்பதே ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் லீவு. அதையும் மாரியம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்துப் பேசியே தொலைக்க வேண்டியிருக்கிறது.

வரிசை வீடுகளான லயத்துச் சனம் முழுக்கக் கூடி நின்றது. நடுவில் ரஜிதா. புருஷன் விட்டுவிட்டுப் போனவள், ஒரு மகளை வைத்துக்கொண்டு ஓரத்துக் காம்பரா வீட்டில் தனியாக இருப்பவள். பழி போட ஆள் தேடினால் நம் சனம் இப்படிப்பட்ட வீட்டைத்தான் முதலில் பார்க்கும்.

விஷயம் இதுதான். அடுத்த காம்பரா பாப்பம்மா காலையில் ஒட்டடை அடித்தபோது, தன் வாசல் நிலைக்கு மேலிருந்து ஒரு பொட்டலம் விழுந்தது. பொலித்தீனில் சுற்றி, சிவப்பு நூலால் கட்டிய கடதாசி. உள்ளே இங்கிலீசில் பன்னிரண்டு வார்த்தை.

இராமசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் எழுத்துக்கூட்டினார்.

"கோஸ்ட்னு போட்டிருக்கு. அப்படின்னா பேய். இந்தா இது எலும்பு. லெமன்னும் ஒண்ணு இருக்கு."

"எலுமிச்சங்காய்! கேட்டீங்களா எல்லாரும்?" பாப்பம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். "ஆறு மாசமா என் முட்டுவலி ஏன் தீரலன்னு இப்பத்தானே வெளங்குது! பீலிக் குழாயில என்கூடத் தண்ணிக்குப் போட்ட சண்டைக்கா செய்வினை வப்பாங்க?"

பாப்பம்மாவின் மகன் கிஷாந்த் கோயில் தூணில் சாய்ந்து நின்றான். அந்தப் பன்னிரண்டு வார்த்தையையும் எழுதி வைத்தவன் அவன்தான்.

மாத்தளை டவுனில் புடைவைக்கடை வேலை அவனுக்கு. நாள் முழுக்க நின்றபடி துணி விரித்துக் காட்டி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தால் பேசக்கூடத் தெம்பிருக்காது. அப்படிப்பட்டவன் மூன்று வாரமாகச் சிரித்துக்கொண்டு திரிந்தான். யூடியூப்பில் ஒருவர் கிரிப்டோ என்றார், பிட்காயின் என்றார், பேங்க் வேண்டாம், முதலாளி வேண்டாம், ஒரு போன் போதும் என்றார். போதாதா? கடையில் கூட வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாட்டு நேரத்தில் வகுப்பே எடுத்தான். பஸ் கண்டக்டரைக்கூட விடவில்லை.

"தோட்டுல திருகு தேஞ்சிருக்கும்மா, சரி பண்ணிட்டு வாறேன்" என்று அம்மாவிடம் வாங்கிப்போய், அதை அடகு வைத்துத்தான் கொஞ்சம் காயின் வாங்கினான்.

போனில் காயின் வாங்கிய ஆப் அவனுக்குப் பன்னிரண்டு வார்த்தை கொடுத்தது. இதுதான் உன் பெட்டிக்குச் சாவி, கடதாசியில் எழுதி ஒளித்து வை, ஒருத்தருக்கும் காட்டாதே என்றது. எழுதினான். கடையிலிருந்து கொண்டுவந்த நூலால் கட்டினான். ஸ்டூல் போட்டு ஏறி, நிலைக்கு மேலே வைத்தான். அன்றைக்கு அவனைவிடப் பெரிய பணக்காரன் மாத்தளையிலேயே கிடையாது.

"நான்தாம்மா வச்சேன்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னால் எல்லாம் வெளியே வரும், தோடு எங்கே என்பது உட்பட. அம்மாவிடம் இருந்த பொன் அது ஒன்றுதான். அப்பாவின் சாவுச் செலவுக்குக்கூட விற்காமல் வைத்திருந்தாள்.

லாபம் வரட்டும், ரஜிதாக்காவுக்கும் ஏதாவது செய்வோம் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

"ஒருத்தியை மட்டும் கேட்டேன்னு நாளைக்குக் கதை வரக்கூடாது" என்றார் இராமசாமி. "ஓரத்துக் காம்பராவிலருந்து வரிசையா எல்லாரும் சத்தியம் பண்ணணும். மொத ஆளு நீ, வா."

தட்டில் சூடம் எரிந்தது. ரஜிதா அதைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"என்ன புள்ள சொல்ற?"

"மாட்டேங்க. என்ன வேணும்னாலும் நெனச்சுக்குங்க."

"பாத்தீங்களா, சாமி முன்னாடி பொய் வரல!" என்று பாப்பம்மா கத்தினாள்.

அதற்கு மேல் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதத்துக்கு ரஜிதா பீலிப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு இராமசாமி சாப்பிடப் போனார். பாப்பம்மா பொட்டலத்தைக் காய்ந்த மிளகாயோடு போட்டுக் கொளுத்தினாள். சனம் இருமிக்கொண்டே கலைந்தது.

சாயங்காலம் ரஜிதா கீழ் ஓடையிலிருந்து இரண்டு கேனில் தண்ணீர் தூக்கிக்கொண்டு மேடேறி வந்தாள். கிஷாந்த் ஓடிப்போய் ஒன்றை வாங்கினான். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. விலை ஏறியிருக்கும். எடுத்துப் பார்க்க மனசு வரவில்லை.

"அக்கா, நீங்க வைக்கலன்னு எனக்குத் தெரியும். சூடத்த அணச்சிருந்தா இந்தப் பாடு இல்லயே?"

அவள் மற்றக் கேனையும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"நீ ஸ்டூல் போட்டு வச்சப்ப நான் வாசல்லதான் நின்னேன் தம்பி. அது என்ன ஏதுன்னு தெரியாது. ஆனா அப்படி ஒரு சந்தோசத்த ஒன் மொகத்துல நான் பாத்ததே இல்ல."

அவனுக்கு அழுகை முட்டியது.

"தெரிஞ்சுமா... பிறகு ஏன்க்கா சத்தியம் பண்ணல?"

"எனக்கு அடுத்த காம்பரா ஒன்னோடதுதானே? நான் பண்ணியிருந்தா, அடுத்தாப்ல ஒங்கம்மா பாக்க நீயில்லயா பொய்ச் சத்தியம் பண்ணியிருக்கணும்?"