சந்தில் மணல் மூட்டை

“அண்ணே, இந்த மூட்டைகளை எடுக்கப் போறீங்களா, இல்லையா?”

குடைக்கடை அக்கா இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

இரும்புக்கடைக்காரர் இன்னொரு மணல் மூட்டையைத் தூக்கி அவள் கடைச் சுவரோடு சேர்த்துச் சாத்தினார்.

“எடம் இல்லம்மா.”

அந்தக் கடைத்தெருவில் எல்லாமே நூறு வருஷத்துக் கட்டடங்கள். நெற்றியில் கட்டிய வருஷம், வளைவு ஜன்னல், பூவேலை என்று பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். இவர்கள் கடை இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து. அதில்தான் மூட்டைக்கு மேல் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் பாதி மறைந்துவிட்டது. குடை விற்கிற மழைக்காலத்தில், பட்டப்பகலில் கடைக்குள் விளக்கு!

அவளுக்கு ஒன்றுதான் பிடிபடவில்லை. இடமில்லை என்கிறாரே, அவர் கடையில் வலது பக்கம் முழுக்கக் காலி. சுவரில் வரிசையாகக் கொக்கி வேறு அடித்திருக்கிறார். ஒன்றிலும் ஒரு துரும்பு தொங்கவில்லை. மணல் விற்கிறாரா என்றால் அதுவும் கிடையாது. திட்டினால் திருப்பித் திட்டவாவது வேண்டாமா? யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோனது.

“என் வியாபாரத்தைக் கெடுக்கணும்னே செய்றீங்க. நகராட்சியில சொல்லிட்டேன். இப்ப வருவாங்க.”

அவர் முகம் வெளுத்தது.

“ஐயோ, ஏம்மா? மழை முடியட்டும்னு இருந்தேனே!”

“பயமா இருக்குல்ல? இருக்கட்டும்!”

நகராட்சி இன்ஜினியர் ஆட்களோடு வந்தார். மேலிருந்து இரண்டு மூட்டை இறங்கியதுமே, “நிறுத்து, நிறுத்து!” என்று கத்தினார்.

அவள் சுவரின் வெளிப்பக்கம் கை நுழைகிற அளவுக்கு விரிசல்.

“ஏம்மா, இதை எடுக்கவா புகார் கொடுத்தீங்க? உங்க சுவரைத் தாங்கிட்டு இருக்கறதே இந்த மூட்டைங்கதான்.”

அவள் இரும்புக்கடைக்காரர் பக்கம் திரும்பினாள். “எங்கிட்ட ஏண்ணே சொல்லல?”

“சொன்னா நீ வாயை வச்சுக்கிட்டு சும்மா இருப்பியா? விஷயம் வெளிய போனா கடையைப் பூட்டிடுவாங்க. குடை விக்கிற காலம் வீணாப் போயிடுமேன்னு பார்த்தேன். மழை நின்னதும் கொத்தனார் வரேன்னிருக்கார்.”

இன்ஜினியர் கறாராகச் சொல்லிவிட்டார். “சுவரைச் சரிபண்ற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது. சரக்கை மட்டும் எங்க ஆளுங்க எடுத்துத் தருவாங்க.”

கடைக்கு சீல் வைத்தாயிற்று. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது. கை நிறையக் குடைகளோடு தெருவில் நின்றாள்.

“இதையெல்லாம் இனி எங்கண்ணே கொண்டுபோய் வைப்பேன்?”

அவர் அவள் கையிலிருந்து ஒரு குடையை வாங்கிக்கொண்டு தன் கடைக்குள் போனார். வலது பக்கக் கொக்கியில் மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

“மீதியையும் கொண்டா. கொக்கியெல்லாம் குடைக்கு அளவு பார்த்துத்தான் அடிச்சேன்.”